கலங்கிய நீர்

நாள்தோறும் காலையில், தம் வயிற்றிலிருந்து வடிந்த நீர் நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் பையை அச்சிட்ட காகிதத்தின்மேல் வைத்து, அந்நீரின் ஊடாக எழுத்துக்களைப் படிக்க முடிகிறதா என்று கூர்ந்து பார்க்கும் மனிதர்கள் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் அன்றைய பொழுது வழக்கம்போல் தொடங்கும். எழுத்து மங்கினாலோ, நீர் அரிசி களைந்த தண்ணீரைப்போல் வெளுத்துக் கலங்கியிருந்தாலோ, பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையவேண்டும் என்பது அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம். சிறுநீரகங்கள் இரண்டும் செயலற்றுப் போனபின், வயிற்றின் வழியாகவே ரத்தத்தைச் சுத்திசெய்துகொண்டு ஜீவித்திருப்பவர்கள் இவர்கள். அந்நீரைக் கலங்கச் செய்யும் காரணங்களுள், எண்ணிக்கையில் சிறியதும் கொடுமையில் பெரியதுமான பூஞ்சைத் தொற்றைப் பற்றியும், அதற்குச் செய்யும் சிகிச்சையின் சூட்சுமங்களைப் பற்றியும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

வயிறே வடிகட்டி

வயிற்றுக் குழியின் உட்சுவரையும், அதனுள் அடங்கிய குடல் முதலிய உறுப்புக்களையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் இச்சவ்வை விரித்து அளக்கக் கூடுமானால், அதன் பரப்பு 1 முதல் 2 சதுர மீட்டர் வரை, அதாவது நம் மேல்தோலின் பரப்புக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். நூலினும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இதில் வலைப்பின்னலாக ஓடுகின்றன. குளுகோஸும் சில உப்புக்களும் அளவாகக் கரைத்த 2 லிட்டர் நீரை வயிற்றுக்குள் இறக்கி, 4 முதல் 6 மணி நேரம் அங்கேயே தங்கவிட்டால், ரத்தத்தில் மிகுந்திருக்கும் யூரியா முதலிய கழிவுகள் சவ்வைக் கடந்து அந்நீரில் வந்து கலக்கின்றன. உடலில் தேங்கிய அதிகப்படியான ஜலத்தையும் குளுகோஸ் தன்பால் இழுத்துக்கொள்கிறது. பிறகு அந்நீரை வடித்துவிட்டுப் புதிய நீரை நிரப்பவேண்டும். நாளொன்றுக்கு நான்கு முறை இவ்வாறு செய்துகொள்பவர், ரத்தத்தைச் சுத்திசெய்யும் இயந்திரத்தின் பக்கத்தில் வாரம் மூன்று நாள் படுத்துக் கிடக்கவேண்டிய அவசியமின்றி, தம் வீட்டிலிருந்தே தம் காரியங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த உபாயத்தை மனிதரிடத்தில் முதன்முதலாகப் பரீட்சித்தவர் ஜெர்மானிய வைத்தியர் கேயார்க் காண்டர். அது நடந்தது 1923-இல். ஆயினும், நீரை உள்ளே செலுத்தவும் வெளியே வடிக்கவும் வயிற்றில் நெடுங்காலம் தங்கியிருக்கக்கூடிய ஒரு குழாய் கிடைக்காதவரை அது சில நாளைய அவசரச் சிகிச்சையாகவே இருந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பணிபுரிந்த ஹென்றி டெங்காஃப், மிருதுவான சிலிக்கோன் குழாயில் டாக்ரான் துணியாலான சிறு பட்டைகளைப் பொருத்தி, சதை அப்பட்டைகளுக்குள் வளர்ந்து குழாயை இறுகப் பற்றிக்கொள்ளுமாறு 1968-இல் செய்துகாட்டினார். இன்றும் அவர் பெயராலேயே அந்தக் குழாய் வழங்குகிறது. 1976-இல் டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், பொறியியல் அறிஞர் பாப்போவிச்சும் வைத்தியர் மாங்க்ரீஃபும் நாள் முழுவதும் நீரைத் தங்கவிட்டு மாற்றும் முறையை வகுத்தார்கள். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில், டொராண்டோவின் ஓரியோபுலோஸ் கண்ணாடிப் புட்டிகளை நீக்கி, சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்ளக்கூடிய பிளாஸ்டிக் பைகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சிஏபிடி என்று நோயாளிகளின் நாவில் சர்வசாதாரணமாக வழங்கும் வயிற்று டயாலிசிஸ், அதாவது வயிற்றின் வழியே ரத்தத்தைச் சுத்திசெய்யும் சிகிச்சை, இவ்வாறு பிறந்தது.

இத்தனை வசதியையும் அளித்த அந்தக் குழாயே, இயற்கை நாற்புறமும் அடைத்துப் பத்திரப்படுத்தியிருந்த ஓர் உள்ளறைக்கும் புறவுலகத்துக்கும் இடையே, என்றும் மூடாத வாசலாகவும் ஆகிவிட்டது.

வாசலில் நுழைபவர்

அவ்வாசல் வழியே நுழையும் கிருமிகளுள் பெரும்பாலானவை பாக்டீரியாக்கள். தோலில் குடியிருக்கும் அவை, பையை மாற்றும்போது கைபட்ட இடத்திலிருந்து குழாய்க்குள் இறங்கி, பெரிட்டோனியத்தை வீங்கிச் சிவக்கச் செய்கின்றன. இவ்வழற்சிக்குப் பெரிட்டோனைட்டிஸ் என்று பெயர். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.40 தடவைக்கு மேல், அதாவது இரண்டரை ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கு மேல் இது வரலாகாது என்பது சர்வதேச நிபுணர்கள் 2022-இல் வகுத்த வரம்பு. இத்தகைய அழற்சிகள் நூறு நேர்ந்தால், அவற்றில் பூஞ்சையால் நேர்பவை ஐந்தைச் சுற்றியே இருக்கும். ஆனால் பாக்டீரியாவால் வந்த அழற்சி பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்பட்டுக் குழாயும் தப்பிவிடுகிறது. பூஞ்சையால் வந்ததிலோ குழாய் தப்புவது அரிது என்பதோடு, நூற்றுக்கு 20 பேர், 30 பேர் என்று உயிரையே இழந்த கணக்குகளும் பல நாட்டு அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன.

இந்தப் பூஞ்சைகளுள் மிகுதியானவை காண்டிடா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. பனங்கள்ளைப் பொங்கவைக்கும் ஈஸ்டைப் போலவே இதுவும் முட்டை வடிவான ஒற்றைச் செல்லாக இருந்து, மொட்டுவிட்டுப் பெருகும் ஜாதி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 200 செல்களை வரிசையாக அடுக்கிவிடலாம். இது எங்கிருந்தோ வந்த அந்நியனன்று. நம் வாயிலும் குடலிலும் தோல்மடிப்புக்களிலும் இது சிறு தொகையாக எப்பொழுதும் வசித்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சூழ்ந்து கோடானுகோடியாக வாழும் பாக்டீரியாக்கள் இடத்தையும் உணவையும் முன்கூட்டியே பற்றிக்கொண்டுவிடுவதால், தலையெடுக்க வழியின்றி அடங்கிக் கிடக்கிறது. ஏதோ ஒரு நோய்க்காக ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கும்போது, அம்மருந்து நோய் செய்யும் பாக்டீரியாவோடு, காவலாக இருந்த பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. பயிரை அறுத்தபின் வெறுமையான வயலில் கோரை மண்டுவதுபோல், காண்டிடா அப்பொழுது கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகிறது. பூஞ்சையால் அழற்சி கண்ட நோயாளிகளின் சரித்திரத்தைக் கேட்டுப் பார்த்தால், அவர்களுள் மிகப் பலர் அதற்கு முந்திய வாரங்களிலோ மாதங்களிலோ ஆன்டிபயாடிக் உட்கொண்டவர்களாகவே இருப்பார்கள். அம்மருந்தும் பெரும்பாலும் பாக்டீரியா உண்டாக்கிய முந்திய பெரிட்டோனைட்டிஸைத் தீர்ப்பதற்காகவே கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு நோயைத் தீர்த்த மருந்தே அதனினும் கொடிய மற்றொன்றுக்கு இடம் செய்து கொடுக்கிறது என்னும் இந்த உண்மையை நாம் மறவாது மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். இவ்வத்தியாயத்தின் முடிவில் அது நமக்கு உபயோகப்படும்.

பெருகிய பூஞ்சை, வயிற்றுக்குள் போகும் வழிகள் இரண்டு. குடற்சுவர் நலிந்திருந்தால் அதைக் கடந்து உள்ளிருந்தே போகலாம். அல்லது விரல்களின் வழியாகப் புறத்திலிருந்து போகலாம். காண்டிடா பாராப்சிலோசிஸ் என்னும் வகை, மனிதர் கைகளில் தங்குவதிலும், பிளாஸ்டிக் பரப்புக்களில் ஒட்டிக்கொள்வதிலும் பெயர்பெற்றது. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக்கையை விடாதே என்று நம் வீட்டுப் பாட்டிமார் அதட்டியதன் நியாயமும், பை மாற்றுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, முகமூடி கட்டிக்கொண்டு, குழாயின் முனையை எதன்மீதும் படவிடாதே என்று செவிலியர் திரும்பத் திரும்பச் சொல்வதன் நியாயமும் ஒன்றே. பூஞ்சைக்கு வேண்டியவை கதகதப்பு, ஈரம், கொஞ்சம் இனிப்பு ஆகிய மூன்று. குளுகோஸ் கலந்த டயாலிசிஸ் நீர் நிரம்பிய வயிற்றில் இம்மூன்றும் குறைவின்றி இருக்கின்றன.

கண்டறிதல்

கலங்கிய பையோடு வந்த நோயாளிக்கு வயிற்றுவலியும் சில சமயம் ஜுரமும் இருக்கும். பாக்டீரியாவினாலா, பூஞ்சையினாலா என்று அந்த அடையாளங்களை மட்டும் கொண்டு எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. பையிலுள்ள நீரை எடுத்து, ஒரு மைக்ரோலிட்டரில் 100-க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்து, அவற்றுள் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்னும் வகையாகவும் இருந்தால், அழற்சி நிச்சயம் என்று கொள்வார்கள். பிறகு 50 மில்லிலிட்டர் நீரைச் சுழற்றி வண்டலைப் பிரித்து, அதில் ஒரு துளிக்குச் சாயமேற்றி நுண்நோக்கியில் பார்ப்பதும், எஞ்சியதை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு முளைக்கவிடுவதும் வழக்கம். ஊதா நிறமேறிய, மொட்டோடு கூடிய முட்டை வடிவங்கள் நுண்நோக்கியில் முதல் நாளே தென்பட்டால் அது பெரும் பாக்கியம். பல சமயங்களில் அவை தென்படுவதில்லை. பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட்டு, இரண்டு மூன்று நாட்கள் கழித்து ஊடகத்தில் ஈஸ்ட் முளைத்திருப்பதாக ஆய்வுக்கூடத்திலிருந்து செய்தி வந்த பின்பே உண்மை விளங்கும். ஆன்டிபயாடிக் கொடுத்தும் நீர் தெளியாத நோயாளியிடத்தில், பூஞ்சையைப் பற்றிய சந்தேகம் வைத்தியர் மனத்தில் தானாக எழவேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அஸ்பர்ஜில்லஸ் போன்ற இழைப் பூஞ்சைகள் முளைக்க இன்னும் அதிக நாட்கள் பிடிக்கும்.

உறவுக்காரப் பகை

பாக்டீரியாவைக் கொல்ல நூற்றுக்கு மேற்பட்ட மருந்துகள் இருக்க, பூஞ்சைக்கு மட்டும் விரல்விட்டு எண்ணத்தக்க மருந்து வகைகளே இருப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். பரிணாம விருட்சத்தில் பூஞ்சைகள் தாவரங்களைவிடப் பிராணிகளுக்கே நெருங்கிய உறவினர். பாக்டீரியாவின் செல்லமைப்பு நம்முடையதிலிருந்து வெகுதூரம் வேறுபட்டது. ஆகையால் அதைத் தாக்கி நம்மைத் தாக்காத விஷங்கள் எளிதில் அகப்படுகின்றன. பூஞ்சையின் செல்லோ, உட்கருவும் புரத உற்பத்தி முறையும் பிறவும் நம் செல்லைப் போலவே கொண்டது. அதைக் கொல்லும் விஷம் நம்மையும் கொல்லாதிருக்க, இரண்டுக்கும் உள்ள சொற்ப வேற்றுமைகளைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

அவ்வேற்றுமைகளுள் முதலாவது, செல்லின் உறையிலுள்ள கொழுப்பு: நம் செல்லில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையின் செல்லில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. வெனிசுவேலாவில் ஓரினோக்கோ ஆற்றுப் பிரதேசத்து மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிரிக்கப்பட்ட ஆம்ஃபொடெரிசின்-பி, இந்த எர்கோஸ்டெராலைப் பற்றிச் செல்லின் உறையைக் கெடுத்து, பூஞ்சையை மாய்க்கிறது. அதன் வல்லமையைக் குறித்துச் சந்தேகமில்லை. ஆனால் சிரை வழியே செலுத்தினால் நடுக்கமும் ஜுரமும் காண்பதோடு, நோயாளிக்கு எஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சச் சிறுநீரகச் சக்தியையும் அது உறிஞ்சிவிடுகிறது. வயிற்றுக் குழிக்குள் போதிய அளவு ஊறிச் சேர்வதுமில்லை. நேராக வயிற்றுக்குள்ளேயே விட்டால், பெரிட்டோனியத்தை அரித்துத் தாங்கவொண்ணாத வலியை உண்டாக்குகிறது.

இங்கிலாந்தில் சாண்ட்விச் நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் கென் ரிச்சர்ட்ஸனும் அவருடைய சகாக்களும் ஆக்கிய ஃப்ளூக்கனசோல், 1980-களின் இறுதியில் சந்தைக்கு வந்தபோது நிலைமை மாறியது. எர்கோஸ்டெராலை உண்டாக்கும் என்சைமையே இது முடக்குகிறது. நீரில் நன்றாகக் கரைவதால், மாத்திரையாக விழுங்கினாலும் வயிற்றுக் குழிக்குள் தாராளமாகச் சென்று சேர்கிறது. பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறவேண்டிய மருந்தாதலால், சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் நெடுநேரம் தங்கும். அதற்கேற்ப அளவைக் கணித்து, 150 முதல் 200 மில்லிகிராம் வரை நாளுக்கொரு முறையோ இரண்டு நாளுக்கொரு முறையோ வயிற்றுக்குள் செலுத்துவதும் உண்டு. எனினும் காண்டிடா குருசெய் இம்மருந்துக்கு இயல்பிலேயே அசையாது. காண்டிடா கிளாப்ராட்டா பல சமயம் எதிர்த்து நிற்கும். அஸ்பர்ஜில்லஸை இது தொடுவதேயில்லை. ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கு இதைக் கொடுத்தால், அந்த மருந்தின் வேகம் மிகுந்து ரத்தப்போக்கு நேரிடக்கூடும் என்பதையும் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது வேற்றுமை, பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள மதில். நம் செல்களுக்கு அப்படியொரு மதில் கிடையாது. குளுக்கான் என்னும் பொருளால் ஆன அம்மதிலைக் கட்டவிடாமல் தடுப்பவை எகைனோகாண்டின் வகை மருந்துகள். ஸ்பெயின் நாட்டில் லொசோயா ஆற்றருகே கிடைத்த ஒரு பூஞ்சையின் விளைபொருளிலிருந்து ஆக்கப்பட்டு, 2001-இல் அங்கீகாரம் பெற்ற காஸ்போஃபஞ்சின் அவற்றுள் முதலாவது. பூஞ்சையை வெல்லப் பூஞ்சையே ஆயுதம் கொடுத்தது. ஃப்ளூக்கனசோலுக்கு அடங்காத காண்டிடாவுக்கு இவையும், அஸ்பர்ஜில்லஸுக்கு வோரிக்கனசோல் என்னும் மருந்தும் கைகொடுக்கின்றன. முளைத்த பூஞ்சை எந்த ஜாதி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று ஆய்வுக்கூடம் தெரிவித்தபின், அதற்கேற்ப மருந்தைத் தேர்வது விவேகம்.

குழாயை எடுத்தல்

இவ்வளவு மருந்துகள் இருந்தும், அவற்றை மட்டும் நம்பிச் செய்த சிகிச்சை பெரும்பாலும் தோல்வியிலேயே முடிந்திருக்கிறது. காண்டிடா, குழாயின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டவுடன், தன்னைச் சுற்றிலும் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகப் பெருகி ஒரு படலமாகப் படிகிறது. வாய்க்கால் கல்லில் வழுக்கும் பாசியை நினைத்துக்கொண்டால் இப்படலத்தின் தன்மை விளங்கும். தனித்து மிதக்கும் செல்லை எளிதாகக் கொல்லும் அளவு மருந்து, இப்படலத்தினுள் உறங்குபவற்றை அசைப்பதுமில்லை. நீர் இரண்டொரு நாள் தெளிந்ததுபோல் தோன்றும். குணமாகிறது என்று எல்லோரும் ஆறுதல் கொள்வார்கள். படலத்திலிருந்து உதிர்ந்த செல்கள் மறுபடியும் வயிற்றில் பரவும். இதற்கிடையில் நாட்கள் கழிய, பெரிட்டோனியம் தடித்து, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சவ்வு வடிகட்டும் சக்தியை என்றென்றைக்குமாக இழந்துவிடுவதும் உண்டு.

ஆகையால், பூஞ்சைதான் என்று உறுதிப்பட்டவுடன் தாமதமின்றிக் குழாயை எடுத்துவிடவேண்டும் என்பது இன்று சர்வதேச நிபுணர்கள் ஒருமித்துக் கூறும் விதி. எடுத்த பின்பும் குறைந்தது 2 வாரங்கள் பூஞ்சைமருந்தைத் தொடரவேண்டும். அந்த இடைக்காலத்தில், கழுத்துச் சிரையில் தற்காலிகக் குழாய் போட்டு, இயந்திரத்தின் மூலமாக ஹீமோடயாலிசிஸ் நடைபெறும்.

எழுதுவதற்கு இரண்டே வாக்கியமான இந்த விதி, நோயாளியின் படுக்கையருகில் நின்று சொல்லும்போது எவ்வளவு கடினமாகிறது என்பதை நாம் உணரவேண்டும். அந்தக் குழாய் அவருக்கு வெறும் குழாயன்று. மருத்துவமனை வாசலில் காத்திராமல், சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளைகளின் நடுவே வாழ அவருக்குக் கிடைத்த சுதந்திரம். இயந்திரம் பல மைல்களுக்கு அப்பால் இருக்கும் சிற்றூர்க்காரருக்கு அச்சுதந்திரத்தின் அருமை இன்னும் அதிகம். இன்னும் ஒரு நாள் மருந்தைக் கொடுத்துப் பாருங்கள் என்று அவர் கைகூப்பிக் கேட்கும்போது, இரக்கமே வைத்தியரின் மனத்தைத் தளர்த்திவிடக்கூடும். ஆனால் குழாயை எடுப்பதில் நேரும் தாமதம் மரணத்தை அருகில் கொணர்கிறது என்பதே பல நாட்டு அனுபவங்களும் ஒருமுகமாக உணர்த்தும் செய்தி. தளர்ந்து ஒத்துக்கொள்ளும் இரக்கத்தைக் காட்டிலும், காரணங்களைப் பொறுமையோடு விளக்கி, மறுநாள் வரை ஒத்திப்போடாமல் குழாயை எடுக்கும் இரக்கமே அந்நோயாளிக்கு உகந்தது. குழாயை எடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. அழற்சி முற்றிலும் தணிந்து, சவ்வு கெடாதிருந்தால், குறைந்தது 2 வாரங்கள் சென்றபின் புதிய குழாய் பொருத்தி, சிலர் மீண்டும் தம் பழைய முறைக்கே திரும்புகிறார்கள். மற்றவர்கள் ஹீமோடயாலிசிஸோடு வாழப் பழகிக்கொள்கிறார்கள். காலத்தில் எடுத்தவர்களுக்கே அந்த இரண்டில் ஒன்று வாய்க்கிறது.

வருமுன் காத்தல்

ஒருவன் உடலில் இவ்வளவு அல்லலை விளைவிக்கும் இந்நோய் வந்தபின் போராடுவதைவிட, வாராமற் காக்க வழியுண்டா என்று தேடியவர்களுக்கு, முன்னே நாம் மனத்தில் வைத்துக்கொண்ட உண்மையே திறவுகோலாயிற்று. ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில்தான் காண்டிடா பெருகுகிறது என்றால், அதே நாட்களில் அதை அடக்கும் ஒரு மருந்தையும் உடன் கொடுத்தால் என்ன?

அதற்கேற்ற மருந்து வெகுகாலத்துக்கு முன்பே பிறந்திருந்தது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில், கிருமியியல் அறிஞர் எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்திலும், ரசாயன அறிஞர் ரேச்சல் பிரவுன் ஆல்பனி நகரத்திலும் பணிபுரிந்தார்கள். பூஞ்சையை எதிர்க்கும் நுண்ணுயிர்களை மண்ணிலிருந்து பிரித்து ஹேசன் புட்டியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். அவற்றின் சாரத்தைப் பிரித்துப் பிரவுன் தபாலிலேயே திருப்பியனுப்புவார். வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர் ஒருவருடைய பண்ணையில் எடுத்த மண்ணிலிருந்து கிடைத்து, 1950-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அம்மருந்துக்குத் தம் மாநிலத்தின் பெயரை ஒட்டி நிஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள். அதனால் வந்த காப்புரிமைப் பணம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். அவ்விரு பெண்மணிகளும் அதில் தமக்கென்று ஒன்றும் கொள்ளாமல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டார்கள்.

நிஸ்டாட்டினை விழுங்கினால் அது ரத்தத்தில் சேர்வதில்லை. மற்ற மருந்துகளுக்குக் குறையாகக் கருதப்படும் இந்த இயல்பு, இங்கே குணமாகிறது. குடலிலேயே தங்கி, அங்குள்ள காண்டிடாவை அடக்கிவிட்டு, உடலின் பிற உறுப்புக்களுக்கு யாதொரு தீங்கும் செய்யாமல் வெளியேறுகிறது. டயாலிசிஸ் வேண்டுவோருக்கு வயிற்று முறையையே முதலில் அளிப்பது என்னும் கொள்கையை 1980-களிலிருந்தே கைக்கொண்ட ஹாங்காங்கில், ஏறத்தாழ 400 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆன்டிபயாடிக் உட்கொள்ளும் காலங்களில் நாளொன்றுக்கு நான்கு வேளை, வேளைக்கு 5 லட்சம் யூனிட் நிஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 1996-இல் வெளியாயிற்று. அப்பிரிவினரிடையே காண்டிடா அழற்சி தெளிவாகக் குறைந்திருந்தது. பிற்காலத்தில் ஃப்ளூக்கனசோலைக் கொண்டும் இதே விதமான பயன் காட்டப்பட்டது. வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்பவர் எந்தக் காரணத்துக்காக ஆன்டிபயாடிக் உட்கொண்டாலும், உடன் பூஞ்சைத் தடுப்பு மருந்தும் பெறவேண்டும் என்று சர்வதேச நெறிமுறைகள் இப்பொழுது கூறுகின்றன.

எந்தக் காரணத்துக்காக என்னும் சொற்களை வாசகர் ஊன்றிக் கவனிக்கவேண்டும். பல்வலிக்காகப் பல் வைத்தியரிடம் போகும்போதும், கால் புண்ணுக்காகத் தெருமுனை வைத்தியரிடம் போகும்போதும், ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பவருக்கு, எதிரே அமர்ந்திருப்பவரின் வயிற்றில் சட்டைக்குள் ஒரு குழாய் இருப்பது தெரியாமலே போகலாம். அதைச் சொல்லவேண்டியவர் நோயாளி. தமக்குச் சிஏபிடி நடக்கிறது என்று சொல்லி, இத்துடன் பூஞ்சைக்கும் மருந்து வேண்டுமா என்று தம் சிறுநீரக வைத்தியரைக் கேட்டுக்கொள்வது, மேலே விவரித்த துன்பம் அத்தனையையும் வாசலிலேயே நிறுத்திவிடக்கூடிய ஒரு கேள்வி. கலங்கிய பையைக் கண்டவுடன் ஓடிவரக் கற்றுக்கொடுப்பதைப் போலவே, இந்தக் கேள்வியையும் ஒவ்வொரு நோயாளிக்கும், அவருக்குப் பை மாற்றித்தரும் மனைவிக்கோ மகனுக்கோ மருமகளுக்கோ, முதல் நாளிலேயே கற்றுக்கொடுத்துவிடவேண்டும்.